மேஸ்திரி முன்னால் கழற்றிய பூட்ஸ்

மதுரை,
12-9-1938

கொழும்பில் இருக்கும் வெள்ளைத்துரை அவர்களுக்கு,

இங்கு நான் நலம். நீங்களும் வீட்டாரும் நலமாக இருக்க மீனாட்சி துணை.

இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் ஆகாது. உங்கள் வார்ப்புப் பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டே நான் விழுங்கியவை ஏராளம். ஒரே பெஞ்சில் படித்தவன் என்று சொல்லி, மானேஜர் வேலை எனக்குத்தான் என்று அழைத்து வந்தீர்கள். வந்து பார்த்தால் உங்கள் மைத்துனர் பேயாண்டி மேஸ்திரியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் நடத்திக்கொண்டிருந்தார். பி.ஏ. படித்த நான் அவர் கூப்பிட்டால் எழுந்து நிற்கிறேன். அதை நான் மறக்கவில்லை, மறக்கப் போவதும் இல்லை. ஆனால் இன்று எழுதுவது அதற்காக அல்ல.

சுடலையின் வலது பாதத்தைச் சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். இன்று காலை உங்கள் கடிதம் வந்தது. பூட்ஸ் வாங்கிக் கொடுத்தும் போட்டுக்கொள்ளாதவனுக்கு நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். சொந்த அஜாக்கிரதை என்று ரிப்போர்ட் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் கடலுக்கு அப்பால் இருக்கிறீர்கள். நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

பூட்ஸில் குறை சொல்ல மாட்டேன். கயிறு கட்டும் பூட்ஸ் உதவாது, உருக்கிய இரும்பு ஒரு சொட்டு உள்ளே விழுந்தாலும் காலை உதறிய மாத்திரத்தில் கழன்று விழுகிற பூட்ஸ்தான் வேண்டும் என்று நான் எழுதினேன். சென்னையில் ஆள் விட்டுத் தேடி அதையே வாங்கி அனுப்பினீர்கள். கனத்த தோல், நல்ல அடி. முதல் நாள் சுடலை அதைப் போட்டுக்கொண்டு நடந்தபோது தன் காலையே குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டான்.

பேயாண்டி வந்தார். பார்த்தார். "என்னடா சுடலை, கலெக்டர் கச்சேரிக்குக் கெளம்பிட்டியா? எங்க தெருவுல செருப்பக் கக்கத்துல வச்சுக்கிட்டுப் போன பயக, இப்ப எம் மூஞ்சிக்கு முன்னாடி டக்கு டக்குன்னு நடக்குறீகளோ?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கழற்று என்று சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, என்றும் சொல்லவில்லை. ஊருக்கு வெளியே குடியிருக்கும் சனத்துக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதும் இல்லை.

அதன் பிறகு அவருடைய இருமல் வாசலில் கேட்டதும், அந்தச் சனத்து ஆட்கள் எல்லாரும் பூட்ஸை உதறிவிட்டு வெறுங்காலோடு நிற்பார்கள். அவர் போனபின் மாட்டிக்கொள்வார்கள். பேயாண்டிக்குப் பங்காளியான மொக்கையனுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவன், "அண்ணன் வாரது ஒங்காலுக்கு எப்படித்தாண்டா தெரியுது?" என்று சுடலையைக் கேலி செய்வான். சுடலையும் சேர்ந்து சிரிப்பான்.

சென்ற செவ்வாய்க்கிழமை கரும்பாலை உருளைக்கு வார்ப்பு. இரும்புக் குழம்பு வாளியைக் கம்பியில் தொங்கவிட்டு முன்னால் மொக்கையன், பின்னால் சுடலை தூக்கிப் போனார்கள். இருவர் காலிலும் பூட்ஸ் இருந்தது. பாதி தூரம் போனபோது பேயாண்டி குடையோடு உள்ளே வந்தார். வாளியைக் கீழே வைக்க வழியில்லை. சுடலை நடந்தபடியே இடது காலை உதறினான், கழன்றது. வலது காலையும் உதறினான். அதுவும் கழன்றது. அந்த உதறலில் அவன் உடம்பு சாய்ந்தது, வாளியும் சாய்ந்தது.

மொக்கையன் காலிலும் தெறித்தது. பூட்ஸின் தோல் கருகியதோடு சரி. சுடலையின் பாதத்தைப் பற்றி நான் எழுத மாட்டேன். தரையில் கிடந்தவன் பேயாண்டியைப் பார்த்துச் சொன்னது மட்டும் எழுதுகிறேன். "கழட்டிட்டேன் சாமி" என்றான்.

இதற்குத்தான் அஜாக்கிரதை என்று நான் எழுத வேண்டுமாம். எழுத மாட்டேன். வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது சுடலையின் இடத்தில் அவன் தம்பி மருதுவை வாளி தூக்க விட்டிருக்கிறார் பேயாண்டி. மருதுவுக்கும் பூட்ஸ் உண்டு. அதை அவன் பட்டறைக்குள்ளேயே கொண்டு வருவதில்லை, வாசலில் வேப்பமரத்தில் மாட்டிவிட்டு வருகிறான். அண்ணன் கதியைப் பார்த்த பிறகுமா என்று கேட்டேன். "நீங்க சொல்லுவீக. அவுக சொல்லலையே" என்றான்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சுடலையின் மனைவி தங்கப்பொண்ணு அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் புறப்படும்போது, "போன காலுக்கு இனி என்ன செய்ய. எங் கொழுந்தனப் பாத்து, போட்டுக்கடான்னு மேஸ்திரி அவுக வாயால ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க. அம்புட்டுத்தேன்" என்றாள்.

வரும் வெள்ளிக்கிழமை மறுபடி வார்ப்பு. யார் சொன்னாலும் கேட்காத பேயாண்டி உங்களுக்குப் பயப்படுவார். எல்லாரும் கேட்க மருதுவைப் பூட்ஸ் போடச் சொல்ல வேண்டும், சொல்ல மனமில்லையென்றால் வார்ப்பு நேரத்தில் பட்டறைக்குள் வரக் கூடாது என்று அவருக்குத் தந்தி கொடுங்கள். மனைவி மனம் நோகுமே என்று நீங்கள் தயங்குவது எனக்குத் தெரியும். அவர்கள் தம்பி பேயாண்டிக்கு ஒரு வார்த்தைதான் செலவு. மருதுவுக்கு வயது இருபதுகூட ஆகவில்லை.

உங்கள் குழந்தைகள் ஓடி விளையாடி, ஒரு குறையும் இல்லாமல் வளரட்டும். மனதாரத்தான் சொல்கிறேன்.

முன்பெல்லாம் 'உன் நண்பன்' என்று முடித்துப் பெயர் எழுதுவேன். வேலைக்கு வந்தபின் 'கீழ்ப்படிதலுள்ள ஊழியன்' என்று எழுதினேன். முதலாவது இப்போது பொய். இரண்டாவதை எழுத இன்று கை வரவில்லை. எழுத்து யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். பெயர் இல்லாமலே இதைச் சிம்மக்கல் தபாலாபீசில் சேர்க்கப் போகிறேன்.