சாம்பிராணி அடைத்த ஏர்கோன்

பிரிக்பீல்ட்ஸ்,
18.10.1985

அன்புள்ள சந்திரகலாவுக்கு,

மழைக்காலத்தில் ஏர்கோன் வேலை குறையும், கார்த்திகைக்கு ஊருக்குப் போய்வா என்று முதலாளி இன்று காலை தன் வாயாலேயே சொல்லிவிட்டார். நான் நலம். உன் இருமல் விட்டதா?

நேற்று யாழ்ப்பாணத்து டீச்சர் குணபூசணி அக்கா வீட்டில் வேலை. ஏர்கோன் குளிரவில்லை, உள்ளே தண்ணீர் சொட்டியது. "காஸ் முடிஞ்சு போச்சோ, தம்பி?" என்றார். வடிகட்டியைக் கழற்றினால் பிசினாகக் கறுப்பு. குளிர் போய்விடும் என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டே வெள்ளிதோறும் சாம்பிராணி போட்டிருக்கிறார்.

"சாமி அறையில ஏர்கோன் எதுக்குக்கா?"

"ஏன், சாமிக்கு வேர்க்காதோ?"

வடிகட்டியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்ததும் அந்த வாசம் எழுந்தது. நம் வீட்டு வெள்ளிக்கிழமை, நீ தலை உலர்த்தும் நேரம். மழை மாதங்களில் ஏர்கோனின் விசிறியை மட்டும் ஓடவிட்டு, உள்ளே காய்ந்தபின் மூடி வைக்கும்படி அக்காவிடம் சொன்னேன். இறங்கும்போது ஏணி சறுக்கியது, சிராய்ப்புதான்.

என் நீலக் கைலியை வெயிலில் போடு, பூச்சி உருண்டை வாசம் போகட்டும்.

வேலை பர்மிட் புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் இன்னும் கைக்கு வரவில்லை. வரும் புதன்கிழமை கிடைக்கும் என்கிறார்கள். கிடைத்ததும் தந்தி அடிக்கிறேன். அதுவரை அம்மாவிடம் சொல்லாதே. போன வருடம் நான் வருவேன் என்று வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

வைரவன்