மார்லீனின் மீன் நூடுல்ஸ்

அன்புக் கண்ணு,

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுமுதல் தெருக்காரர்கள் பாத்திரம் பாத்திரமாகக் கொண்டுவந்து குவிக்கிறார்கள். தின்று தின்று நான்தான் ஃப்ரிட்ஜ் அகலத்துக்கு வந்துவிட்டேன். அவருக்குப் பேச்சு திரும்புமா என்று கேட்டதற்கு டாக்டர் சொன்னதை உனக்கு எழுதவில்லை; இனி அதை எழுதவும் தேவையில்லை.

நேற்று பக்கத்து வீட்டு மார்லீன் தன் மீன் நூடுல்ஸை அப்பாவுக்கு ஊட்டினாள். "வித்தியாசமா இருக்கு" என்பதுதானே நம் தெருவில் ஒரு சமையலுக்குக் கிடைக்கும் உச்சபட்ச வசவு? அப்பா மென்றார், விழுங்கினார், வாயைத் திறந்தார்.

"உப்பே இல்ல, மார்லீன்."

அவள் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். "எல்லாரும் வாங்க! டேல் என் சமையலத் திட்டிட்டாரு!" என்று அப்பா பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

இன்றும் அதையே கொண்டுவந்தாள், உப்பில்லாமல்.

"திட்டட்டும்டி, பேச்சுக்கு நல்லது" என்கிறாள்.

உன் குண்டு அம்மா