மூக்கு மட்டும் என்னுடையது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ, மாப்பிள்ளை, குட்டிப்பயல் மூவரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் இருக்கிறேன், முழங்காலும் கூடவே இருக்கிறது, எங்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை சரியில்லை. போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் மொட்டைமாடித் தொட்டி ஒழுகுகிறது என்றே பேசி வைத்துவிட்டேன். தொட்டி ஒழுகவில்லை. வாயில் வேறெதுவும் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். எழுதினால் என் குரல் உனக்குக் கேட்காது பார்.

நீ பிறந்ததிலிருந்து என் ஜாடை என்று சொல்லித் திரிந்தவன் நான். அதே சப்பை மூக்கு, அதே தட்டைப் பாதம், தூங்கினால் அதே குறட்டை. பெரியம்மா போய், பிறகு உன் அம்மாவும் அதே சினைப்பைப் புற்றுநோயில் போனபோது எனக்கு இருந்த ஒரே தைரியம், இவள் என் பக்கம், அந்தப் பக்கத்து வியாதி இவளை அண்டாது என்பதுதான். அம்மாவின் மரபணுக் கோளாறு உனக்கும் இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகும் விடவில்லை. இங்குள்ள டாக்டரம்மாவிடம் உன் போட்டோவைக் காட்டி, மூக்கைப் பாருங்கம்மா, அச்சு அசல் நான்தான், எங்கேயோ ஆள் மாத்திட்டாங்க என்றேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. மூக்கு ஒரு பக்கம் வரும், இது ஒரு பக்கம் வரும், ஒண்ணையொண்ணு கேட்டுக்கிட்டு வராதுங்க ஐயா என்றார். நோய் வருமுன்னே சினைப்பைகளை எடுத்துவிட்டால் இனிக் குழந்தை இல்லை, மாதவிலக்கு சட்டென்று நிற்கும், உடம்பு தகிக்கும், எலும்பைக் கவனிக்க வேண்டும், ஆபத்து முழுதாகப் போகாது, ஆனால் வெகுவாகக் குறையும், முன்கூட்டியே கண்டுபிடிக்க நம்பகமான சோதனையும் இல்லை என்றார். உன் டாக்டர் சொன்னதேதான்.

அத்தை காதுக்குப் போனதும் சண்டை. நல்லா இருக்கிறதை யாராவது அறுத்துப் போடுவாங்களா என்றாள். நான் லிப்ட் மெக்கானிக் புத்தியோடு, ஓடிக்கிட்டிருக்கிற கயிறைத்தான் நாங்க மாத்துறோம், அறுந்தப்புறம் மாத்தி யாருக்கு லாபம் என்றேன். அவ என்ன லிப்டாடா என்று கேட்டாள். இத்தனை வருஷ சர்வீஸில் இதற்குப் பதில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவள் கேட்டதும் நியாயம்தான், வலி உனக்கு, வாயடிப்பது நாங்கள்.

நீ கேட்டதால் சொல்கிறேன், முடிவு உன்னுடையது. எடுத்துவிடு பாப்பா. இன்னொரு பேரப்பிள்ளை வேண்டும் என்று போன் போடும்போதெல்லாம் நச்சரித்தேனே, அந்த ஆசைக்காக எதையும் உள்ளே வைத்துக்கொண்டிருக்காதே. இருக்கிற பயல் போதும். அவன் யார் ஜாடை என்று இனி நான் வாயே திறக்க மாட்டேன். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் எந்த நாற்காலிக்குக் கால் ஆடும் என்று தெரிகிற அளவுக்கு அம்மாவுக்காக உட்கார்ந்தாயிற்று. மறுபடி அப்படி உட்காரத் தெம்பில்லை, களைத்துப்போய்விட்டேன். நீ ஆபரேஷன் முடிந்து எழுந்து நடந்து வருவதற்காக என்றால் எந்த ஆடுகிற நாற்காலியிலும் உட்காருவேன். வேண்டாமென்று நீ முடிவு செய்தாலும் வருவேன், முகம் தூக்க மாட்டேன்.

நோய்நொடி அண்டாமல் நீ நெடுங்காலம் வாழ வேண்டும், மாப்பிள்ளையும் பயலும் உன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தேதி தெரிந்ததும் சொல். லீவு கேட்டாகிவிட்டது, காரணம் முழங்கால் என்று சொல்லியிருக்கிறேன், அதுவும் ஒரு உபகாரம் செய்யட்டும். இந்த முறை போனில் தொட்டியைப் பற்றிப் பேச மாட்டேன்.

இப்படிக்கு,
மூக்கை மட்டும் கொடுத்த உன் அப்பா