மாப்பிள்ளை விசாரிக்க வந்த இருவர்

காத்தான்குடி
12.05.2025

அன்பு மருமகன் றிஸ்லானுக்கு, உன் மர்சூக் மாமா எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உன் உம்மாவுக்கு முழங்கால் வலி குறைவு. உன் மாமி வழக்கம்போல என்னை ஏசிக்கொண்டு சுகமாக இருக்கிறாள். கட்டாரில் வெயில் எப்படி? போனில் பேசாமல், லீவு முடிந்து அங்கே திரும்பும் ஜிப்ரியின் கையில் கடிதம் தந்து அனுப்புகிறேன். காரணம் வாசிக்க வாசிக்கத் தெரியும்.

நீ சம்பளமில்லா லீவில் போனாலும், வாவிக்கு அந்தப் பக்கம் நாம் இருவரும் வேலை பார்த்த அரசாங்கக் கந்தோர் உன்னை மறக்கவில்லை. உன் சுயவிபரக் கோவை என் பொறுப்பில்தான். நான் எட்டாம் வகுப்புதான். ஆனால் கோவை அறைச் சாவி முப்பது வருடமாக என் இடுப்பில். மேலதிகாரிகள் பதினொரு பேர் மாறினார்கள். எல்லாரும் என்னைக் கேட்டுத்தான் கையொப்பம் வைத்தார்கள் என்றே சொல்லலாம்.

போன மாதம் ஒருநாள் உச்சிவேளையில் இருவர் வந்தார்கள். வெள்ளைச் சேர்ட், மெல்லிய சிரிப்பு. "மர்சூக் காக்கா, றிஸ்லான் எப்படியான புள்ள?" என்று நம் ஊர்ப் பேச்சிலேயே கேட்டார்கள். ஏறாவூரில் உனக்குப் பெண் பேசுகிறோமே, அந்த வீட்டார் அனுப்பிய ஆட்கள் என்று நினைத்துவிட்டேன். மாப்பிள்ளை விசாரிப்பவர்கள் அப்படித்தானே, பெயர் சொல்லாமல் வேலை இடத்துக்கு வருவார்கள்.

விடுவேனா! அவன் ஒரு சொல் சொன்னால் நாற்பது பொடியன்கள் எழும்பி நிற்பார்கள் என்றேன். பெரிய பெரிய அரபிகள் அவனோடு ஒரே சகன் தட்டில் கைபோட்டுச் சாப்பிடுகிறார்கள் என்றேன். இங்கே எதையும் அவன் அங்கிருந்தபடியே நடத்துவான் என்றேன். உன் கோவையையும் திறந்து, கட்டார் விலாசம்வரை காட்டினேன். ஒருவர் எழுதினார். மற்றவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்த தேநீரில் ஆடை படர்ந்தது; தொடவில்லை. அந்த வெக்கையிலும் இருவருக்கும் ஒரு துளி வியர்வை இல்லை.

அடுத்த நாள் தலைமைக் கிளாக்கர் கூப்பிட்டு, பொலிஸ் விசாரணைக்காரர் கேட்கிறார்கள், றிஸ்லானின் கோவையைக் கொடு என்றார். அதற்கான உத்தியோகக் கடிதம் எங்கே என்று கேட்டேன். பிறகு வரும் என்றார். கதவடியில் அதே இருவர். "பொண்ணூட்டு ஆக்கள் எண்டு நினைச்சித்தானே நல்லாக் கவனிச்சீங்க, காக்கா" என்றார் ஒருவர். அப்படி நினைத்ததை நான் உன் மாமியிடம் மட்டுமே, எங்கள் குசினி அடுப்படியில் வைத்துச் சொல்லியிருந்தேன்.

முந்தநாள் கோவை திரும்பி வந்தது. முப்பத்துநாலு பக்கத்தோடு போனது. இலக்கம் போட்டவன் நான். தொண்ணூற்றொரு பக்கத்தோடு வந்திருக்கிறது. நான் சொன்னதெல்லாம் தட்டச்சில். நாற்பது பொடியன்கள் என்றேனே, நாற்பதுக்கும் பெயர் இருக்கிறது மகன். நான் சொல்லும்போது ஒரு பெயரும் இல்லை. பக்கத்து வீட்டு அஸ்கரின் பெயரும் கிடக்கிறது. இரண்டு நாளாக அவன் கடை பூட்டு.

கடைசியில் ஒரு படம். நீலச் சேர்ட்டோடு, கையில் ரொட்டிப் பொதியோடு, அரபு இலக்கம் போட்ட ஒரு கதவை நீ திறக்கிறாய். படத்தின் பின்னால், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நீ வரும் விமானத்தின் இலக்கம். எங்களுக்கே நீ இன்னும் அதைச் சொல்லவில்லையே.

தலைமைக் கிளாக்கரிடம் போய், நான் சொன்னதெல்லாம் கூட்டிச் சொன்னது என்றேன். இந்த வயதில் முதல் தடவை. "எழுதியாச்சே காக்கா, நீங்க கையொப்பமும் வச்சிரிக்கீங்க" என்று காட்டினார். என் கையொப்பம்தான், வளைவுகூடத் தப்பவில்லை. வைத்த ஞாபகம்தான் எனக்கு இல்லை.

உன் உம்மா உன் அறைக்குப் புதுத் திரை தைத்துவிட்டா. ஏறாவூரில் நாள் கேட்கிறார்கள். லீவு கிடைக்கவில்லை என்று உம்மாவுக்குச் சொல்லு. அழுவா, நான் பார்த்துக்கொள்கிறேன். நீ இருக்கும் அறையையும் மாற்று. இதில் நான் ஒன்றும் கூட்டி எழுதவில்லை மகன், குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

உன்னைக் காண எங்களுக்கு எவ்வளவு ஆசையோ, அவ்வளவு காலம் அல்லாஹ் உன்னை எங்கள் கண்ணில் காட்டாமல் வைத்திருப்பானாக. ஆமீன்.

உன் மாமா,
மர்சூக்