நீ பூட்டி வைத்த தொகுப்பு

உன் தங்கை எஸ்தரின் லேப்டாப் அனலடிக்கிறது. அடியில் இரண்டு தீப்பெட்டிகளை வைத்துக் கொஞ்சம் தூக்கி விட்டிருக்கிறேன், நீ வைப்பாயே, அப்படித்தான். உன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, அவளுக்காக மூல நிரலைக் கம்பைல் செய்து, ஓடும் மென்பொருளாக ஆக்கிக்கொண்டிருக்கிறேன். ஆமாம், நான்தான். சிரித்துக்கொள்.

இத்தனை வருஷத்தில் இந்த ஒன்றில்தான் நமக்குள் ஒத்துப்போகவே இல்லை. மயிலாடுதுறையில் நம் சர்வீஸ் கடைக்கு எந்த மெஷின் வந்தாலும் லினக்ஸ் போட்டு, யாரோ தயார் செய்து வைத்திருக்கும் மென்பொருள் தொகுப்புகளை இறக்கிப் பத்து நிமிஷத்தில் கொடுத்தனுப்புவேன். நீயோ நிரலைத் திறந்து, வேண்டியதை மாற்றி, அந்த மெஷினிலேயே கம்பைல் செய்து எடுப்பாய். பாதியில் கரண்ட் போகும். "விட்ட இடத்துலேருந்து பிடிச்சுக்கும்டா" என்று டீ குடிக்கக் கிளம்பிவிடுவாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சோறு வேணும்னா நீ நாத்து விடுறதுலேருந்து ஆரம்பிப்பியா?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"எனக்குக் கடைச் சோறு போதும்டா. எஸ்தருக்கு ஒத்துக்கலையே" என்றாய்.

எஸ்தருக்குக் கண் தெரியாது. பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளைக் கேட்டுக் கேட்டுத்தான் மறுநாள் பாடத்தை மனதில் ஏற்றிக்கொள்வாள். எல்லோருக்குமாகச் செய்த தொகுப்பில் அந்தக் குரல் மூச்சு விடாமல் ஓடும். நீ மூன்று மாதம் நிரலோடு மல்லுக்கட்டி, வாக்கியம் முடிந்ததும் அது நிற்கும்படி செய்தாய். அவள் ஒரு விசையைத் தட்டினால்தான் அடுத்த வாக்கியம். அன்றைக்கு உன் அம்மா வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

கடைசி வாரம், ஆஸ்பத்திரியில், "எஸ்தர் சிஸ்டத்தப் பாத்துக்கடா. வாசிச்சுக் காட்டுற அந்த ஒண்ண மட்டும் அப்டேட் ஆகாம பூட்டி வெச்சிருக்கேன், தொடாத" என்றாய். "மொதல்ல உன் உடம்பப் பாரு" என்று உன் வாயை அடைத்தேன். நீ சொன்னதை முழுசாகக் கேட்டிருக்க வேண்டும்.

போன வாரம் அவளுடைய லேப்டாப்பைப் புதுப்பித்தேன். ஒரு தொகுப்பு பூட்டியிருக்கிறது, மாற்ற முடியாது என்று திரையில் வந்தது. கடையில் என்ன செய்வேனோ அதையே செய்தேன். படிக்காமல் பூட்டை எடுத்துவிட்டு 'ஆம்' என்று தட்டினேன். உன் மூன்று மாத உழைப்பின் மேல் கடைச் சோறு ஏறி உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் எஸ்தர் போன் செய்தாள். "அண்ணா, நிறுத்தாம ஓடுதுங்க. ஒண்ணும் மனசுல நிக்கல. அண்ணன் செஞ்சது போயிடுச்சா?"

"சேச்சே, ஏதோ செட்டிங்தாம்மா" என்றேன். உன்னிடம் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

மூல நிரலை நீ எங்கே வைத்தாய் என்று தெரியாமல் மூன்று நாள் தேடினேன். கடை மேஜை டிராயரில், உன் ஹார்ட் டிஸ்கில் கிடைத்தது. கம்பைல் இரண்டு தடவை பாதியில் நின்றது. எங்கே என்று பார்க்க நிரலைத் திறந்தேன். நீ மாற்றிய ஒவ்வொரு இடத்திலும் காரணத்தைத் தமிழில் எழுதி வைத்திருந்தாய். ஓரிடத்தில், 'இங்கே எஸ்தர் யோசிப்பாள். அவசரப்படுத்தாதே.' அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இதோ, முடிந்துவிட்டது. எஸ்தரைக் கூப்பிட்டேன். இயர்போனை மாட்டிக்கொண்டாள். ஒரு வாக்கியம், நின்றது. தட்டினாள். அடுத்தது.

"வந்துடுச்சுண்ணா" என்றாள்.

அதோடு கிளம்பியிருக்கலாம். முடியவில்லை. "செட்டிங் இல்லம்மா. உங்கண்ணன் தொடாதன்னு சொன்னத நான்தான் அழிச்சேன்."

"அன்னிக்கே தெரியும்ணா. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

இயர்போனைக் கழற்றிவிட்டு, "இனிமே இதுல ஏதாச்சும் மாத்தணும்னா யார்ட்டண்ணா கேக்குறது?" என்றாள்.

"என்கிட்ட கேளும்மா" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேனே தவிர, நீ எழுதியதில் பாதி எனக்குப் புரியவில்லை. முதல் வரியிலிருந்து படிக்க உட்கார்ந்திருக்கிறேன்.