மாமனார் மேல் நீ போட்ட வழக்கு

மச்சான்,

இன்று காலை செங்கல்பட்டு பஸ்ஸில் போகும்போது பச்சை மரம் எரிகிற வாடை ஜன்னல் வழியே வந்தது. மனை போடுவதற்காக யாரோ புதரை வெட்டிக் கொளுத்தியிருந்தார்கள். எழுபதுகளின் அந்தக் கோடையில் உன் காக்கிச் சட்டையில் வீசியதும் இதே வாடைதான்.

நீ அப்போது காடு காக்கும் கார்டு. என் தங்கையைக் கட்டிச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. சிங்கப்பெருமாள் கோயிலுக்கு மேற்கே இருந்த காப்புக்காடு உன் பொறுப்பு. அதை ஒட்டித்தான் எங்கள் நைனாவின் கடலைக் கொல்லை. ஊர்ப் பெரிய மனிதர்கள் காட்டின் தெற்குப் பக்கத்தை வளைத்துச் சவுக்கு நட்டார்கள். அவர்களை யாராலும் அசைக்க முடியவில்லை என்றதும் நைனாவுக்கும் ஆசை வந்துவிட்டது. எல்லைக் கல்லைப் பிடுங்கிக் காட்டுக்குள் தள்ளி நட்டார். களாப் புதரையும் காரைப் புதரையும் வெட்டிச் சாய்த்துத் தீ வைத்தார்.

புகையைப் பார்த்துவிட்டு சைக்கிளில் வந்தாய்.

"மாமா, கல்லு இங்க இல்லியே. இன்னா பண்ணிகினு கீறீங்க?"

"பொண்ணு குடுத்தவன் கொல்லையில வந்து கேள்வி கேக்குறியா? இது நாளைக்கு யாருக்குடா? உன் பொஞ்சாதிக்குத்தான்!"

"அவளுக்கு நான் சோறு போடறேன் மாமா. காட்ட வுட்டுடுங்க."

நைனா விடவில்லை. உன்னைத் தனியே இழுத்துப்போய் நான் கேட்டேன். "பெரிய ஆளுங்க அந்தாண்ட பூரா வளைச்சிகினு கீறாங்க. அவங்கள வுட்டுட்டு இவர புடிக்கிறியே?"

"அவங்க மேலயும் கேஸு கீது மச்சான். மாமாவ வுட்டுட்டா அவங்க மூஞ்சிய பாத்து எப்டி பேசுவேன்?"

சொல்லிவிட்டு நோட்டை எடுத்து நைனாவின் பேரை எழுதினாய்.

நைனா கோர்ட்டில் நின்றார், அபராதம் கட்டினார், கல் பழைய இடத்துக்கே போனது. தங்கைக்கு வளைகாப்பு செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவள் என்ன செய்தாள் தெரியுமா? உன்னிடம் அவள் சொல்லியிருக்க மாட்டாள். தானே வளையல் வாங்கிக்கொண்டு, நிறைமாத வயிற்றோடு வந்து நைனாவின் முன் உட்கார்ந்தாள்.

"அவரு கேஸு அவரோட போவட்டும். நீ எனக்கு வளையலப் போடு நைனா."

அவர் அவள் கையைப் பிடித்தார். ஒவ்வொன்றாக வளையலைப் போட்டுவிட்டார்.

பெரிய மனிதர்கள் மேல் போட்ட வழக்கு இழுத்துக்கொண்டே போய்த் தோற்றது. உன்னைத் தூரத்து ஊருக்கு மாற்றினார்கள். தெற்குப் பக்கக் காடு சவுக்காகி, பிறகு மனைகளாகிவிட்டது. நைனா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது நீ பார்க்க வந்தாய். அத்தனை வருஷம் கழித்து உன்னிடம் அவர் பேசியது ஒன்றுதான்: "அந்தாண்ட மொட்டையா கீது. நம்ம பக்கம் இன்னும் மான் வருதுடா."

நீ அவர் காலைப் பிடித்துவிட்டாய்.

கொல்லை இப்போது என் பேரில் இருக்கிறது. போன மாதம் ஒரு புரோக்கர் வந்தான். "வேலிய காட்டுக்குள்ள கொஞ்சம் தள்ளிக்கலாம் சார், யாரும் கேக்க மாட்டாங்க" என்றான்.

"எங்க வூட்டு மாப்ள கேப்பாரு" என்றேன்.

"அவரு எங்க கீறாரு சார்?"

நீ செத்துப்போய்விட்டாய் என்று அவனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, மச்சான்.