ராஜியின் இரண்டாவது எண்

அன்புத் தங்கச்சி ராஜி,

நீ போய்ப் பதினொரு மாதம். உனக்குச் சொல்ல ஒரு நல்ல செய்தி நேற்று முன்தினம்தான் உறுதியானது. அதில் என் பிழையும் கலந்திருப்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

நீ பார்த்த வேலை, பத்திரிகையில் இதை வாசிப்பவர்களில் பலருக்குத் தெரியாது. சத்திரசிகிச்சை முடிந்து கிடப்பவர்களின் நோவை மட்டும் கவனிக்கவென்று பயிற்சி பெற்ற தாதி நீ. நோயாளர் விடுதியில் கட்டில் கட்டிலாகப் போய், சைபரிலிருந்து பத்துக்குள் நோவு எவ்வளவு என்று கேட்பாய். மருந்து போதாவிட்டால் டொக்டரைப் பிடித்து மாற்றுவிப்பாய். பிறகு திரும்பவும் போய்க் கேட்பாய்.

உன் பதவி வெறுமையாகவே கிடந்தது. அது இனித் தேவையா என்று தீர்மானிக்க வைத்தியசாலையில் கூட்டம் வைத்தார்கள். நோயாளர் நலன்புரிச் சங்கத்தில் இருப்பதால் எனக்கும் ஒரு கதிரை கிடைத்தது. நீ வருவதற்கு முந்திய நோயாளர் அட்டைகளும் உன் காலத்து அட்டைகளும் மேசையில் இருந்தன. முந்தியவற்றில் வரிசையாகச் சைபர். உன்னுடையவற்றில் ஆறு, ஏழு, எட்டு.

"ராஜி மிஸ் வந்த பிறகு நோவு கூடியெல்லோ இருக்கு" என்றார் நிர்வாக அதிகாரி. கேலியில்லை; தாளில் கண்டதைச் சொன்னார். பக்கத்தில் ஒரு பத்திரிகைத் துண்டும் வைத்திருந்தார். தலைப்பு 'நோவில்லாத விடுதி'. எழுதியவன் நான்.

ஞாபகமிருக்கிறதா? நீ அந்த விடுதிக்கு வருவதற்குச் சற்று முன்பு, அந்தச் சைபர்களை நம்பி எழுதியது. எங்கள் ஓர்ஸ் ஹில் வீட்டுக் குசினியில் அடுப்பருகே நின்று வாசித்துவிட்டுச் சிரித்தாய். "அண்ணா, வயித்தை வெட்டிக் கிடக்கிற ஆளுக்குச் சைபரோ? செத்தவைக்குத்தான் சைபர்."

திருத்தம் போடட்டுமா என்று கேட்டேன். "விடுங்கோ, ஆர் உதைத் திரும்ப வாசிக்கப் போகினம்?" என்றாய். வாசித்தார்கள், ராஜி.

ஒரு கிழமை தவணை கேட்டு வாங்கிக்கொண்டு மூதூருக்குப் போனேன். அங்குள்ள ஹாஜரா உம்மாவை உனக்குத் தெரியும்தானே? உன் இறுதிக் கிரியைக்கும் வந்து அழுதார். நீ வருவதற்கு முன்பு ஒரு தரமும், நீ இருந்தபோது ஒரு தரமும் வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தவர். மேசையில் இருந்த அவரது முதல் அட்டையில் சைபர், இரண்டாவதில் எட்டு.

"முதல் தரம் நோகவே இல்லையா உம்மா?"

"நோகாமலா? ரெண்டு நாளா சீலையக் கடிச்சிட்டுக் கிடந்தன்."

"அப்ப ஏன் சைபர் எண்டு எழுதிக் கிடக்கு?"

"அப்ப இருந்த நேர்ஸ் புள்ள கால்மாட்டுல நிண்டு 'உம்மா, சுகமா?' எண்டு கேட்டிச்சு. அல்ஹம்துலில்லாஹ் எண்டன். ஒராள் சுகம் கேட்டா வேற என்ன தம்பி சொல்ற?"

பக்கத்துக் கட்டில் தமிழ் அம்மா, "கடவுள் புண்ணியத்தில பரவாயில்லைப் பிள்ளை" என்றாராம். அவருக்கும் சைபர்தான் விழுந்திருக்கும். ஓடி ஓடி வேலை செய்யும் தாதிமாரைக் குறை சொல்ல ஏலாது. அந்தக் கேள்விக்கு அதுதான் இங்கே வழக்கமான பதில்.

"உங்கட தங்கச்சி லேசுப்பட்ட ஆளா? பக்கத்துல வந்து குந்திக்கிட்டு, 'இப்ப இருமுங்க உம்மா' எண்டா. இருமினன், உசிரு போய்ட்டு வந்திச்சு. எட்டு எண்டன். மருந்து தந்துட்டுப் போனவ, கொஞ்ச நேரத்தால திரும்பி வந்து மறுகாலும் இருமட்டாம். 'உனக்கு வேற சோலி இல்லையாடி' எண்டு ஏசிட்டன். சிரிச்சிக்கிட்டே மூணு எண்டு எழுதிட்டுப் போறா. அண்டைக்குப் பின்னேரம் நானாவே நடந்து கக்கூசுக்குப் போனன்."

அடுத்த கூட்டத்தில் உன் அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பினோம். எட்டுக்குக் கீழே மூன்று இருந்தது, ஏழுக்குக் கீழே இரண்டு. எல்லோரும் முதல் எண்ணை மட்டுமே பார்த்திருந்தோம். பழைய அட்டைகளில் இரண்டாவது எண்ணே கிடையாது. திரும்பிப் போய்க் கேட்க ஆளிருக்கவில்லை. உன்னுடையவற்றிலும் சிலரது ஆறு ஆறாகவே நின்றது. அதையும் சொன்னேன். என் செய்தி பிழை என்றும் சொன்னேன்.

நிர்வாக அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அப்ப நாங்கள் இவ்வளவு காலமும் சனத்தின்ர மரியாதையைத்தான் அளந்திருக்கிறம் போல."

உன் பதவி நிலைத்துவிட்டது. உன்னோடு அதே விடுதியில் வேலை செய்த தாதி, குறிஞ்சாக்கேணியைச் சேர்ந்த ஃபஸ்லியா, பயிற்சிக்குக் கொழும்புக்குப் போகிறா. என் திருத்தமும் வெளிவந்துவிட்டது. அதே பக்கம், அதே அளவு. இவ்வளவு பெரிதாக வேண்டுமோ என்று நீ கேட்டிருப்பாய்.

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. நீயே கட்டிலில் கிடந்த கடைசி நாட்களில் உனக்கு எவ்வளவு நொந்தது? கேட்ட போதெல்லாம், "போய்ச் சாப்பிடுங்கோ அண்ணா" என்றுதான் சொன்னாய். அதற்கு நான் எந்த எண்ணை எழுதுவது?

ஃபஸ்லியா திரும்பி வந்ததும் எலும்பு முறிவு விடுதியில் தொடங்குவா. அங்கே இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. முதல் மாதம் எண்கள் ஏறும். யாராவது என்னைத் தொலைபேசியில் அழைத்து, புது மிஸ் வந்து நோவு கூடிவிட்டது, எழுதுங்கோ என்பார்கள். அன்றைக்கு நான் எழுத உட்கார மாட்டேன், ராஜி. விடுதிக்குப் போய், அவ திரும்பி வந்து கேட்கும் வரைக்கும் கட்டிலருகே காத்திருப்பேன்.

உன் அண்ணன்,
ஓர்ஸ் ஹில், திருகோணமலை.